போடிமெட்டுக்கு ஃப்ரீ சைஸ் ஸ்வெட்டர் அனுப்பாதீங்க மக்கா!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காரமும் தூக்கல். வயித்துக்கு ஒத்துக்காதவங்க இப்பவே நகர்ந்துக்கலாம்.

கார்த்திகை பொறந்தா போதும், நம்ம பதிவர் மக்களுக்கு மலை மேல இருக்கறவங்க மேல ஒரு பாசம் பொத்துக்கிட்டு வந்துரும். "வீட்டுல பழைய ஸ்வெட்டர் இருந்தா குடுங்க, ஏலத்தோட்டத்துல வேலை பார்க்குற பெண்களுக்கு அனுப்பப் போறோம்"னு ஒருத்தர் ஆரம்பிப்பார். பத்து நாள்ல மூட்டை மூட்டையா சேரும். வேன் பிடிச்சு மேல கொண்டு போய்க் குடுத்து, வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்து, அதையும் ஒரு பதிவாப் போட்டுருவாங்க. நல்ல மனசுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

என் கடுப்பு எல்லாம் அதுக்கு அடுத்த வருஷம் வர்ற பேச்சு மேலதான். "போன வருஷம் குடுத்ததை எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டாங்கப்பா. அவங்களுக்குப் பராமரிக்கத் தெரியல." உடனே இன்னொருத்தர் ஆலோசனை சொல்வார்: பச்சத் தண்ணியில அலசணும், ஷாம்பு போடணும், முறுக்கிப் பிழியக் கூடாது, நிழல்ல காயப் போடணும். இதையெல்லாம் ஒரு நோட்டீஸா அடிச்சு ஸ்வெட்டரோட சேத்துக் குடுக்கலாம்னு ஒரு யோசனை வேற!

நான் போடிக்காரன். அந்த மூட்டைகள்ல என்ன இருந்துச்சுன்னு பார்த்தவன். அதனால சொல்றேன்: அந்த ஸ்வெட்டர்கள் துவைக்கிற கல்லுல சாகல. மூட்டை கட்டும்போதே பாதி செத்துப் போனதுதான். என்ன நூல், என்ன அளவு - ஒரு ஸ்வெட்டரோட ஆயுசுல முக்கால்வாசி இந்த ரெண்டுலயே முடிவாயிடும். மிச்சம் காவாசிக்குத்தான் உங்க ஷாம்பு.

முதல்ல அந்த வேலையைத் தெரிஞ்சுக்கங்க. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்து வெள்ளன இருட்டோட கிளம்பி ஜீப்புல அடைஞ்சு மேல போறவங்க இவங்க. போடியில இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. ஊருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி குறையும். அதோட ஜீப் ஓட்டத்துல அடிக்கிற ஈரக் காத்து. தோட்டத்துல இறங்கினா ஏலச்செடி ஆளை மூடுற உயரம், இலையெல்லாம் பனித்தண்ணி. காய் காய்க்கறது மேல இல்ல சாமி, தூர்ல. தரையோட படர்ந்து கிடக்கிற சரத்துல. அதனால குனிஞ்சே, குத்தவச்சே, சரிவுல நகர்ந்து நகர்ந்து காய் எடுக்கணும். பத்து மணிக்கு மேல வேர்க்கும். மத்தியானம் மழை வரும். சாயந்திரம் திரும்பவும் அதே ஜீப், அதே காத்து. ஒரே நாள்ல குளிர், வேர்வை, மழை, குளிர். ஒரு ஸ்வெட்டர் இதுக்குத் தாங்கணும். வாரக் கடைசியில கொடைக்கானல் போய் போட்டோ எடுத்துட்டு பீரோவுல வைக்கிற ஸ்வெட்டர் இல்ல இது.

இப்ப நூலுக்கு வருவோம். நாம "கம்பளி ஸ்வெட்டர்"னு வாங்கறதுல பெரும்பாலானது கம்பளியே கிடையாது. அக்ரிலிக். பிளாஸ்டிக் நூல். குளிர் காலத்துல ஊர் ஊரா கடை போடற திபெத்தியர்கள் விக்கிற ஸ்வெட்டர்கள்ல நெறைய லூதியானாவுல இருந்து வர்றதுதான், அதுல பெரும்பகுதி அக்ரிலிக்தான். அவங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. நாம குடுக்கற காசுக்கு அதுதான் வரும்.

சந்தேகமா? உள் தையல்ல இருந்து ஒரு துண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், தீயை எடுத்ததும் அணைஞ்சுரும், மிச்சம் விரல்ல தேய்ச்சா பொடியாகும். அக்ரிலிக்னா உருகி, கருப்பா ஒரு கெட்டி மணியா நிக்கும். இது சும்மா வேடிக்கைக்குச் சொல்ற சோதனை இல்ல. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்ல விறகடுப்புப் பக்கத்துல நின்னு வேலை பார்க்குறவங்க மேல உருகி ஒட்டுற துணியைப் போட்டு விடறோம்ங்கறதையும் யோசிச்சுக்கங்க.

கம்பளி நூல் தன்னோட எடையில ஏறக்குறைய 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வாங்கிக்கும், வாங்கியும் தொட்டா நசநசன்னு இருக்காது. அக்ரிலிக் ரெண்டு சதவீதத்தைத் தாண்டாது. அதனால வேர்வை எல்லாம் தோலுக்கும் துணிக்கும் நடுவுலயே நிக்கும். திரும்பி வர்றப்ப ஜீப் காத்துல அந்த ஈரம் சில்லுனு ஏறும் பாருங்க, ஸ்வெட்டர் போட்டும் நடுங்குறது அதனாலதான். "மதினி, ஸ்வெட்டரைக் கழட்டிட்டு துண்டைப் போத்திக்கிட்டா நல்லாருக்கு"ன்னு அவங்க பேசிக்கறதை நான் காதால கேட்டிருக்கேன். தெரியாமப் பேசற பேச்சில்ல அது.

அப்புறம் இந்த உருண்டை உருண்டையா பந்து கட்டுற சமாச்சாரம். ரெண்டுலயும் கட்டும். கம்பளியில நூல் இழை பலம் கம்மி, அதனால பந்து கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துரும். அக்ரிலிக்ல இழை உறுதி, பந்து விடாம தொங்கிக்கிட்டே நிக்கும், மேலும் மேலும் நூலை இழுக்கும். ஒரே சீசன்ல சொறி பிடிச்ச மாதிரி ஆயிரும்.

நியாயத்தையும் சொல்லிரணும். அக்ரிலிக் மோசம்னு நான் மொட்டையாச் சொல்லல. அந்துப்பூச்சி திங்காது, அடிச்சுத் துவைக்கலாம், விலை கம்மி. வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் வளர்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அதுதான் சரி. வளர்ற பிள்ளைக்கு ஒசத்திக் கம்பளி வாங்குறது, வாழைக்குத் தேக்குல முட்டுக் குடுக்கற கதை.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கு. மெரினோ மெரினோன்னு உருகுறவங்க. 17, 18 மைக்ரான் கனத்துல இழை, பட்டு மாதிரி இருக்கும், குத்தவே குத்தாது. ஐயா, அது ஏசி ரூமுக்கு! அவ்வளவு மெல்லிசான இழையில பின்னின மெல்லிசான ஸ்வெட்டர், ஏலத்தட்டையில நாலு நாள் ஒரசினா முழங்கையில ஜன்னல் வச்சுக் குடுத்துரும். இழை தடிக்கத் தடிக்கத் தேய்மானம் குறையும், ஆனா 30 மைக்ரானைத் தாண்டினா ஒடம்பைக் குத்தும். கர்நாடகத்துக் குருபர்கள் தக்காணி ஆட்டு முடியில நெய்யற கருப்புக் கம்பளி இந்த முரட்டு ஜாதி. புளியங்கொட்டைக் கூழ் தடவி இறுக்குவாங்க, சின்ன மழைக்குத் தண்ணி உள்ள இறங்காது, ஒரு ஆள் ஆயுசுக்கு வரும். ஆனா அதைச் சட்டையா மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு நிமிர முடியாது. மலைச் சரிவு வேலைக்கு ரெண்டுக்கும் நடுவுல, 24-லிருந்து 28 மைக்ரானுக்குள்ள, நல்லா முறுக்கேத்தி நெருக்கமாப் பின்னினதுதான் தோது.

கடையில மைக்ரான்னு கேட்டா ஒங்களை ஒரு மாதிரி பார்ப்பாங்க. தேவையில்ல. துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க: அங்கங்க வானம் தெரிஞ்சா வேணாம். கையால இழுத்து விடுங்க: பழைய இடத்துக்குத் திரும்பணும். உள்ளங்கையில முப்பது தடவை தேய்ங்க: அப்பவே பஞ்சு எழும்பினா அதுல குட்டை இழை அதிகம்னு அர்த்தம். ஊல்மார்க் முத்திரை 1964-லிருந்து இருக்கு, நூத்துக்கு நூறு புதுக் கம்பளிக்குத்தான் அந்தச் சுருள் போட்ட அடையாளம். "புது"ங்கற வார்த்தை முக்கியம். பானிபட்ல பழைய கம்பளித் துணிகளைக் கிழிச்சுப் பஞ்சாக்கித் திரும்ப நூத்து ஷாடின்னு ஒரு நூல் பண்ணுவாங்க. வெள்ளம், பூகம்பம்னா நிவாரணத்துக்குப் போன மலிவுப் போர்வைகள்ல நெறைய அந்த நூல்தான். கிழிக்கிறப்பவே இழை குட்டையாயிரும், அதனால உதிரும், சீக்கிரம் இத்துப் போகும். அதுவும் சட்டப்படி கம்பளிதான்!

நம்ம பக்கத்து ஆட்டுல பண்ண முடியாதான்னு ஒரு கேள்வி வரும். கீழக்கரிசல், வேம்பூர், மேச்சேரி எல்லாம் கறிக்கும் தோலுக்கும் வளர்க்குற ஆடு. ஒடம்புல இருக்கறது மயிர், நூக்க உதவாது. ஆனா போடி மலைக்கு அங்கிட்டு, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தோட தென்மண்டல மையம் 1965-லிருந்து இருக்கு. பாரத் மெரினோ ஆடு வளர்க்குறாங்க. ஊட்டிக்குப் பக்கத்துல சாண்டிநல்லாவுல நீலகிரி ஆடு இருக்கு, அதுவும் மெல்லிய கம்பளி குடுக்குற இனம். சுற்றுலா வர்றவங்க ஆட்டோட போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அந்தக் கம்பளிக்கும் நம்ம ஜீப்புல போற அக்காவுக்கும் நடுவுல பாலம் போட இத்தனை வருஷத்துல யாரும் மெனக்கெடல.

சரி, அளவு. இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க, அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசறேன்.

ஸ்வெட்டர் நெஞ்சுல ஒட்டிப் பிடிச்சா, ஒவ்வொரு கண்ணியும் போட்ட நிமிஷத்துல இருந்து கழட்டுற வரைக்கும் இழுபட்டுக்கிட்டே இருக்கும். அக்குள்ல துணியும் துணியும் தேயும். அங்கதான் வேர்வையும். முதல் ஓட்டை அங்கதான் விழும், எழுதி வச்சுக்கங்க. பெருசா இருந்தா? கையை ரெண்டு மடிப்பு மடிக்கணும், மடிப்பு ஓரம் தேயும். கீழ தொங்கற விளிம்பு தட்டையில மாட்டும். மழையில நனைஞ்சா கம்பளிக்கு எடை கூடும், பலம் குறையும், தன் கனத்துலயே கீழ இழுத்துக்கிட்டுப் போகும். ஒரு வாரத்துல முழங்கால் வரைக்கும் வந்து நிக்கும் (மிகை இல்லீங்க, கொஞ்சமாத்தான்). "ஃப்ரீ சைஸ்"ங்கறது யாருக்கும் சேராத சைஸ். தர்ம காரியத்துக்கு வாங்கறப்ப அதைத்தான் மொத்தமா வாங்கறோம்.

குனிஞ்சு வேலை செய்யற ஒடம்புக்கு நிமிர்ந்து நிக்கற ஒடம்போட அளவு போதாது. குனியறப்ப முதுகு நீளும், ஸ்வெட்டர் இடுப்புக்கு மேல ஏறிக்கும், அதை நாள் பூரா கீழ இழுத்து இழுத்து விடுவாங்க. அப்படி இழுக்கற எடத்துலதான் விளிம்புப் பின்னல் விட்டுப் போகும். முன்னாடியை விட முதுகுப் பக்கம் ரெண்டு இஞ்ச் நீளமா இருக்கணும். தோள் தையல் சரியா தோள் எலும்பு முனையில நிக்கணும். நெஞ்சளவுக்கு மேல மூணு, நாலு இஞ்ச் விடுதல் வேணும், ஏன்னா உள்ள சேலை முந்தானையும் ரவிக்கையும் இருக்கு. பெண்களுக்குன்னு விக்கிற பட்டன் வச்ச ஸ்வெட்டரை இந்த வேலைக்கு நான் சேத்துக்கவே மாட்டேன். குனிஞ்சா பட்டனுக்குப் பட்டன் வாயைத் திறக்கும், பட்டன் துவாரம் கிழியும்.

என்னைக் கேட்டா வேலைக்குக் கை வச்ச ஸ்வெட்டரே வேணாம். முதல்ல போறது முழங்கையும் மணிக்கட்டும்தானே? அதையே எடுத்துட்டா? கழுத்து வரைக்கும் மூடற மாதிரி, கையில்லாத, நெருக்கமாப் பின்னின கம்பளி ஸ்வெட்டர். அதுக்கு மேல ஆம்பளைங்க முழுக்கைச் சட்டை. இந்தச் சட்டை விஷயம் என் கண்டுபிடிப்பு இல்ல. மலையில வேலைக்குப் போற பெண்கள் காலங்காலமா சேலைக்கு மேல வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கிட்டுத்தான் போறாங்க. வழியில பார்க்குற நம்மாளுங்க அதை ஏழ்மைன்னு நினைச்சு உச்சு கொட்டுறாங்க. அது தொழில்நுட்பம் ஐயா! வெளியில இருக்கற பருத்திச் சட்டை ஒரசலையும் அழுக்கையும் வாங்கிக்கும், கிழிஞ்சா அம்பது ரூபாய்க்கு வேற பழைய சட்டை. உள்ள இருக்கற கம்பளி சூட்டை மட்டும் பார்த்துக்கும். வெளிநாட்டுல மலையேறுறவங்க இதையே அடுக்கு அடுக்கா உடுத்தணும்னு புத்தகம் போட்டுச் சொல்லிக் குடுக்குறாங்க.

எங்க பெரியப்பா ஒருத்தர் மேல ஒரு எஸ்டேட்ல கணக்கப்பிள்ளையா இருந்தார். அவரோட கம்பளிக் கோட்டு முப்பது வருஷம் ஓடுச்சு. அவர் அதைத் துவைச்சதே அபூர்வம், வெயில்ல உதறி பிரஷ் போடுவார், அவ்ளோதான். ரகசியம் தையல்காரர் கையில இருந்துச்சு: உள்ள ஒண்ணரை இஞ்ச் துணி விட்டுத் தைச்சிருந்தார். தொப்பை போட்டப்ப பிரிச்சு விட்டாங்க, வயசாகி இளைச்சப்ப பிடிச்சுக் குடுத்தாங்க. முழங்கை தேயறதுக்கு முன்னாடியே தோல் ஒட்டுப் போட்டாங்க. இதைச் சொன்னா "அந்தக் காலத்துத் துணி அப்படி"ம்பாங்க. துணி மட்டும்னா அதே துணியில தைச்ச மத்தவங்க கோட்டு எங்க?

இப்ப காசுக் கணக்கு. "ஏங்க, நல்ல கம்பளிக்கு எங்க போறது, அவங்களே தினக்கூலி"ம்பீங்க. சும்மா ஒரு கணக்குக்கு, வருஷம் 350 ரூபாய்க்கு ஒரு அக்ரிலிக்னா ஆறு வருஷத்துக்கு 2100. ஆறு வருஷம் வர்ற ஒரு கம்பளி 1500-னா அதுதான் மலிவு. இது அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. சிக்கல் என்னன்னா, 350 ஒரு நாள் கையில இருக்கும், 1500 ஒரு நாளும் சேந்தாப்ல இருக்காது. ஏழைக்கு எல்லாமே வெலை ஜாஸ்தியாகுறது இப்படித்தான். நம்ம நன்கொடை அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான். அவங்களே வாங்கிக்கக் கூடிய 350 ரூபாய்ச் சரக்கையே நாமளும் வாங்கிக் குடுக்க நாம எதுக்கு?

கடமைன்னு பார்த்தா இது நன்கொடைக் கணக்குலயே வரக்கூடாது. 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துல 17-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. மழை, குளிர்ல இருந்து தொழிலாளிகளைக் காக்க குடை, கம்பளி, மழைக்கோட்டு மாதிரியானதைத் தோட்ட முதலாளி குடுக்கணும்னு மாநில அரசு விதி போடலாம்னு சொன்ன பிரிவு. ஏலத்தோட்டமும் அந்தச் சட்டத்துக்குள்ளதான். ஆனா 5 ஹெக்டேருக்குக் குறையாத நிலமும் பதினஞ்சு ஆளும் இருந்தாத்தான் செல்லும். ஏலமலையில சின்னச் சின்னத் துண்டு நிலம் ஏராளம். இன்னைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு வேற தோட்டம்னு ஜீப் கொண்டு போய் இறக்கற எடத்துல வேலை பார்க்குற ஒருத்திக்கு எந்த முதலாளி கம்பளி குடுப்பார்? இப்ப அந்தச் சட்டமே 2020-ல் கொண்டு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. போடியில ஏலக்காய் ஏலம் நடக்குற நாள்ல கிலோவுக்கு என்ன விலைன்னு ஊரே பேசும். அந்தக் காயை எடுத்த கை வெறைச்சுப் போயிருந்துச்சான்னு எந்த ஏலத்துலயும் யாரும் கேட்டதில்ல.

துவைக்கறதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைன்னு கோவிச்சுக்காதீங்க. ரெண்டே விஷயம். சோடா உப்பு, பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீங்க, கம்பளி முடி மாதிரி ஒரு புரதம், காரம் அதைத் தின்னுரும். சுடுதண்ணியில போட்டு அடிச்சுத் துவைச்சா இழையில இருக்கற செதில் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடற சைஸ் ஆயிரும். தினமும் துவைக்கத் தேவையே இல்ல, உதறி நிழல்ல போட்டா போதும். போதுமா?

இந்த வருஷமும் சேகரிக்கப் போறதா பேச்சு அடிபடுது. ஆட்டத்துக்கு நானும் வர்றேன். ஆனா எறநூறு ஸ்வெட்டர் வேணாம், அம்பது போதும். துணி சேகரிக்காம காசா சேகரிங்க. போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, ஜீப் ஓடாத நாளாப் பார்த்து போடிக்கு வாங்க. நெஞ்சளவு, தோளளவு, குனிஞ்சு நிக்கறப்ப கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் முதுகு நீளம், இந்த மூணையும் அவங்ககிட்டயே கேட்டு, தெரிஞ்ச ஒரு அக்காவை வச்சு எடுத்துக்கலாம். என்ன நிறம் வேணும்னும் கேட்டுக்கங்க, போன தடவை கொண்டு போன பிஸ்கட் கலரைப் பார்த்து அவங்க சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் காதுல இருக்கு. அளவு குடுத்தா பின்னிக் குடுக்கற எடத்தை ரெண்டு பேர் விசாரிங்க. போட்டோ எடுக்கறவர் வேன்ல ஏற வேணாம்.

பி.கு: பீரோவுல வைக்கறதுக்கு முன்னாடி வேர்வை, எண்ணெய்க் கறை இல்லாம அலசிக் காய வச்சு மடிச்சு வைங்க. அந்துப்பூச்சியோட புழு அழுக்குப் பட்ட கம்பளியைத்தான் முதல்ல தேடிப் போகும். ஹேங்கர்ல மாட்டினா தோள்ல கொம்பு மொளைக்கும். பாச்சா உருண்டையைத் துணியில முடிஞ்சு போடுங்க, நேரா மேல வைக்காதீங்க.